தாவுல்: ஓவியம் உரிக்கப்பட்ட சுவர்

பார்சிலோனாவிலிருந்து காரில் நான்கு மணி நேரம் ஆகிறது. கடைசியில் பிரனீஸ் மலையின் கொண்டை ஊசி வளைவுகள். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் தாவுல் என்ற சிற்றூர். ஊருக்குள் நுழையும் முன்பே புனித கிளமென்ட் தேவாலயத்தின் மணிக்கோபுரம் கண்ணில் படுகிறது. சதுரமாக, ஆறு அடுக்காக, அடுக்குதோறும் சன்னல்களோடு நிற்கிறது. அதன் பக்கத்தில் தேவாலயம் தணிந்து தெரிகிறது.

கோபுரத்தை நெருங்கிப் பார்த்தால், ஒவ்வொரு அடுக்கின் விளிம்பிலும் சின்னச் சின்ன வளைவுகள் வரிசையாக ஓடுகின்றன. வடக்கு இத்தாலியின் லொம்பார்டிக் கொத்தர்களிடமிருந்து வந்த பாணி இது. உள்ளே உருண்டைத் தூண்கள். ரோமனெஸ்க் என்ற இடைக்காலக் கட்டடப் பாணி என்றால் கல் கூரைதான் என்று நினைத்துக்கொண்டு நிமிர்ந்தால், மேலே மரச்சட்டங்கள்!

ஒரு தூணில் எழுதிவைத்த குறிப்பு, ரோதா மறைமாவட்ட ஆயர் 1123 டிசம்பர் 10 அன்று இதை அர்ச்சித்தார் என்கிறது. மறுநாளே இதே ஊரின் புனித மரியா தேவாலயத்தையும் அவர் அர்ச்சித்தார். இத்தனை சின்ன ஊருக்கு இரண்டு நாளில் இரண்டு கோவில்! தாவுல் இருக்கும் பள்ளத்தாக்கை ஆண்ட எரில் பிரபுக்கள் முஸ்லிம் அரசுகள் மீதான போர்களில் ஈட்டிய செல்வமே இதற்குக் காரணம் என்கிறார்கள்.

ஆனால் கூட்டம் வருவது பீடத்துக்குப் பின்னுள்ள அரைவட்டச் சுவருக்காக. அங்கிருந்த கிறிஸ்து ஓவியம் இப்போது பார்சிலோனாவில், கத்தலோனியத் தேசியக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மூர் என்ற ஊரின் தேவாலய ஓவியங்கள் விலைபோய் அமெரிக்காவின் பாஸ்டனுக்குப் போனதும் கத்தலோனியர் விழித்துக்கொண்டார்கள். 1919 முதல் 1923 வரை இத்தாலியக் கைவினைஞர்களை வைத்துப் பள்ளத்தாக்கின் சுவரோவியங்களை உரித்தெடுத்தார்கள். ஓவியத்தின் மேல் பசை தடவித் துணியை ஒட்டுவார்கள். பசை காய்ந்து சுருங்கும்போது வண்ணப்படலம் துணியோடு கழன்று வரும். சுருட்டிய துணிகளைக் கோவேறு கழுதைகள்தான் மலையிலிருந்து இறக்கின. களவுபோகாமல் காக்க அன்று வேறு வழி இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. இருந்தாலும் அந்தச் சுவர் முன் நிற்கும்போது வயிற்றெரிச்சல் வராமல் இல்லை.

2013 முதல் அந்தச் சுவரில் பழைய ஓவியத்தை ஒளியால் வரைந்து காட்டும் காட்சி நடக்கிறது. விளக்குகள் அணைகின்றன, கோடுகள் எழுகின்றன, நீலம், சிவப்பு, காவி என ஒவ்வொன்றாக நிறைகிறது. கடைசியில் அகன்ற கண்களோடு கிறிஸ்து, கையில் திறந்த நூல், சுற்றிலும் வாதுமை வடிவ ஒளிவட்டம். முன்வளைவின் உச்சியில் ஏழு கண் கொண்ட ஆட்டுக்குட்டி. விவிலியக் கதையின் ஏழை லாசரின் புண்ணை நக்கும் நாய். அந்த நாயை எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. ஓவியன் தெருவில் பார்த்த நாயாகத்தான் இருக்க வேண்டும். முன்பு இங்கே வரைந்து வைத்திருந்த நகலைவிட இந்த ஒளி எவ்வளவோ மேல். காட்சி முடிந்ததும் அங்கங்கே ஓவியச் சுவடுகளோடு சாந்து பூசிய சுவர்தான் மிஞ்சுகிறது.

இந்தப் பள்ளத்தாக்கின் ஒன்பது கோவில்கள் 2000இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன. போகிறவர்கள் முதலில் தாவுலுக்குப் போங்கள். அருங்காட்சியகத்தைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். வெறும் சுவரைப் பார்த்த பிறகுதான் அந்த ஓவியத்தின் அளவு பிடிபடும்.