பிரிக்க வேண்டாத தையல்

மயிலாப்பூர் மாட வீதியில் பிடித்து வந்த பெட்டை நாய் இடப்பக்கமாகச் சாய்ந்து கிடக்கிறது. கண் திறந்தே இருக்கிறது. கெட்டமின் போட்டால் அப்படித்தான், இமை மூடாது. விழி காய்ந்துவிடாமல் களிம்பு தடவிவிட்டு, வலது விலாவுக்குப் பின்னால் உள்ளங்கை அகலத்துக்கு முடியை மழிக்கிறார் உதவியாளர். அடுத்த அறையில் கூண்டுகள். ஒன்று குரைத்தால் வரிசையாக எல்லாம் குரைக்கின்றன.

தென்சென்னையில் ஒரு விலங்குநல அமைப்பு நடத்தும் கருத்தடை மையம் இது. டாக்டரம்மா வேப்பேரியில் படித்தவர். 1903-ல் தொடங்கிய அந்தக் கால்நடை மருத்துவக் கல்லூரியிலிருந்து வந்தவர்களைத்தான் சென்னையில் எந்த நாய் டாக்டர் அறைக்குப் போனாலும் பார்க்கலாம்.

“நடு வயித்துல கீறினா ரெண்டு சினைப்பையும் சுலபமா கைக்கு வரும். சொந்த கிளினிக்ல நான் அப்படித்தான் பண்றேன். தெரு நாய்க்கு மட்டும் விலாவுல. நாளைக்கு இதை மல்லாத்திப் போட்டு வயித்தைப் பார்க்க யார் இருக்கா? பக்கவாட்டுல இருந்தா தள்ளி நின்னே காயம் எப்படி இருக்குன்னு தெரியும். தையல் விட்டாலும் குடல் அவ்வளவு லேசுல வெளிய வராது.”

வலப்பக்கம் ஏன் என்று கேட்டேன். வலது சினைப்பை இன்னும் முன்னால், சிறுநீரகத்தை ஒட்டி இருக்கிறது. எட்டாததை முதலில் எட்டிவிட்டால் இடப்பக்கத்தது தானாக வரும் என்றார்.

கீறல் இரண்டு விரல் நுழையும் அளவுதான். குரோஷா ஊசியைப் போல நுனி வளைந்த ஒரு கம்பியை உள்ளே விட்டுத் துழாவுகிறார். கண்ணுக்கு எதுவும் தெரியாது, விரலுக்குத்தான் தெரியும். கர்ப்பப்பையின் ஒரு கொம்பு, வெளிர் சிவப்பில் வெளியே வருகிறது. அதன் தலைப்பில் சினைப்பையைப் பிடித்திருக்கும் தசைநாரை ஆள்காட்டி விரலால் மெல்ல அழுத்தித் தளர்த்த வேண்டும். அவசரப்பட்டால் கூடவே ரத்தக்குழாயும் கிழியும். பிறகு கவ்வி, முடிச்சு, வெட்டு. முடிச்சைப் போட்டதும் உடனே விடுவதில்லை. நுனியைப் பிடித்தபடி ரத்தம் கசிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே நழுவ விடுகிறார். தெரு நாயிடம் ஒரு வசதி, உடம்பில் கொழுப்பு கிடையாது. சோஃபாவில் வளர்ந்த லேப்ரடாருக்கு இதே வேலை இருமடங்கு நேரம் பிடிக்குமாம், கொழுப்புக்குள் நூல் வழுக்கும்.

கடைசித் தையல்தான் நான் வெகுநேரம் பார்த்தது. தோலுக்கு வெளியே ஒரு நூல்கூடத் தெரியாமல், தோலின் உட்பக்கமாகவே ஊசி ஓடுகிறது. நூல் உடம்பிலேயே கரைந்துவிடும். நாய் கடித்து இழுக்க வெளியே எதுவும் இல்லை. பத்தாம் நாள் தையல் பிரிக்க அழைத்து வர ஆளில்லாத நோயாளிக்கு வேறு எப்படித் தைப்பது? மயக்கம் தெளியும் முன் காதின் ஓரத்தில் சிறு வெட்டு. இனி நாய் பிடிக்கும் வலைக்காரர் தூரத்திலிருந்தே பார்த்து, ‘இது ஆனது’ என்று விட்டுவிடுவார். கூடவே ரேபிஸ் தடுப்பூசி.

இதே டாக்டரம்மாவை மாலையில் அடையாறில் உள்ள அவருடைய கிளினிக்கில் பார்த்தால் வேறு உலகம். கழுத்தில் பிளாஸ்டிக் கூம்பு மாட்டிய ஒரு பக் நாய், அதைச் சுற்றி நாலு பேர். தையல் லேசாகச் சிவந்திருக்கிறது என்று நள்ளிரவில் வாட்ஸ்அப்பில் படம் வருமாம். வயதான பெட்டை நாய்க்குக் கர்ப்பப்பையில் சீழ் கட்டிய பிறகு தூக்கி வருகிறவர்கள் உண்டு. ‘குட்டி போடட்டுமேன்னு விட்டுட்டோம்’ என்பார்கள். காய்ச்சல் என்று பாராசிட்டமால் கொடுத்துப் பூனையைச் சாகும் நிலையில் கொண்டுவருகிறவர்களும் உண்டு. அந்த மருந்தை முறிக்கும் திறன் பூனையின் ஈரலுக்குப் போதாது. அடுக்குமாடி பால்கனியில் புறாவைப் பார்த்துத் தாவி விழுந்த பூனைகள் வருகின்றன. அடித்தாடை நடுவில் பிளந்திருக்கும், மெல்லிய கம்பியால் சுற்றிக் கட்டுகிறார். ஆண் பூனைக்குக் கருத்தடை மட்டும் சில நிமிட வேலை. விந்துக் குழாயும் ரத்தக்குழாயும் சேர்ந்த அந்தத் தண்டையே தனக்குத்தானே முடிச்சிட்டு வெட்டிவிடுவார். நூலே வேண்டாம், தோலையும் தைப்பதில்லை.

இந்தத் தெரு நாய் வேலை சென்னையில் தொடங்கிய கதையும் தென்சென்னைக் கதைதான். விமானி கேப்டன் வி. சுந்தரம் 1959-ல் தி.நகரில் மழைவெள்ளத்தில் தத்தளித்த குட்டிகளை வீட்டுக்கு எடுத்துப் போனதில் பிறந்தது புளூ கிராஸ் விலங்குநல அமைப்பு. அன்றைக்கு மாநகராட்சிக்குத் தெரிந்த ஒரே வழி பிடித்துக் கொல்வது. மின்சாரம் பாய்ச்சிக் கொன்றார்கள். கொல்வதற்குப் பதில் கருத்தடை என்ற யோசனையை 1964-லிருந்தே சுந்தரத்தின் மகன் சின்னி கிருஷ்ணா சொல்லிக்கொண்டிருந்தார். தென்சென்னையில் சோதித்துப் பார்த்து, 1996-ல்தான் மாநகராட்சி அதை ஏற்றது. நாடு முழுவதற்குமான விதிகள் 2001-ல் வந்தன. முப்பது வருடத்துக்கும் மேல் ஒரு நல்ல யோசனையைக் கோப்புக்குள் வைத்திருக்க நம்மால்தான் முடியும்.

2018 கணக்கெடுப்பில் சென்னையில் தெரு நாய்கள் சுமார் 57,000. 2024-ல் ஏறத்தாழ 1.8 லட்சம். அவற்றில் கால்வாசிக்குச் சற்று மேலேதான் ஆபரேஷன் ஆனவை. கண்ணம்மாபேட்டை, லாயிட்ஸ் காலனி, புளியந்தோப்பு என்று மாநகராட்சிக்கு மையங்கள் இருக்கத்தான் செய்கின்றன. ஆனால் மேசைகளும் கைகளும் இந்த எண்ணுக்கு எந்த மூலைக்கு? நாய் பிரச்சினை என்று தொலைக்காட்சியில் இரவெல்லாம் சண்டை போடுகிறோம். இந்த இரண்டு விரல் கீறலைச் சரியாகப் போடத் தெரிந்தவர்கள் ஊரில் எத்தனை பேர், அவர்களுக்கு என்ன சம்பளம் என்று அங்கே ஒருவரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

வலைக்காரர்களைப் பற்றியும் கேட்பதில்லை. கடைகள் திறக்கும் முன், விடியற்காலையில் வேலை. பாண்டி பஜார் பக்கம் எந்த நாய் எந்த ஏடிஎம் வாசலில் தூங்கும் என்பதுவரை அவர்களுக்கு மனப்பாடம். நாய்க்கு வண்டிச் சத்தம் தெரியும் என்பதால் வண்டியை முக்கிலேயே நிறுத்திவிட்டு நடக்கிறார்கள். வேலைக்குச் சேர்ந்ததும் அவர்களுக்கும் ரேபிஸ் தடுப்பூசி. அப்படியிருந்தும் கடிபட்டால் உடனே சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு மறுபடி ஊசிக்கு ஓட வேண்டும். மூத்த வலைக்காரர் முழங்கையில் பல தழும்புகளைக் காட்டினார். அதில் ஒன்று மட்டும் பூனை.

ஆபரேஷன் முடிந்து குறைந்தது நாலு நாள் வைத்திருக்க வேண்டும் என்பது 2023 விதி. பிறகு பிடித்த அதே இடத்தில் விட வேண்டும். வேறு தெருவில் விட்டால் அங்கிருக்கும் நாய்கள் சும்மா விடாது, காலியான இடத்துக்குப் புது நாய் வந்துவிடும். விடுகிற வண்டியில் நானும் ஏறிக்கொண்டேன். தி.நகர்ச் சந்து ஒன்றில், அங்கே பிடித்த வேறொரு நாயின் கூண்டைத் திறந்ததும் முதல் மாடியிலிருந்து ஒருவர், “எங்க தெருவுலயேவா கொண்டுவந்து விடுவீங்க? கொண்டுபோங்கய்யா!” என்று கத்தினார். எதிர்வீட்டு மாமி வாசலுக்கு வந்து, “ஏம்ப்பா, அஞ்சு நாளா எங்க கொண்டுபோய் வச்சிருந்தேள் இதை? சாப்பாடாவது போட்டேளா?” என்று பிடித்துக்கொண்டார்.

வலைக்காரர் இருவருக்கும் சேர்த்தே ஒரு கும்பிடு போட்டார். “ரெண்டு பக்கமும் நமக்குத்தான் சார்” என்றபடி பதிவேட்டில் தெருப் பெயரையும் காது அடையாளத்தையும் எழுதி, மாமியிடமே கையெழுத்து வாங்கிக்கொண்டார்.