ஓடிப் பழக ஒரு சின்னக் கார்

2024 ஒக்டோபர் மாதம், ஒரு வெள்ளிக்கிழமை இரவு. என்னுடைய காரைக் கொண்டுபோன மகன் வீடு திரும்பினான். வந்தவன் சப்பாத்தைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றான்.

"அப்பா, பொலிஸ் மறிச்சது" என்றான்.

80இல் ஓட வேண்டிய பாதையில் அவன் ஓடியது 104. தண்டப்பணம் ஒரு பக்கம் இருக்கட்டும். அதைவிடப் பெரிய வில்லங்கம் 'பிறிக்' என்று இங்கே சொல்லும் புள்ளிகள். புதிதாக லைசென்ஸ் எடுத்தவர்களுக்கு முதல் 2 வருடமும் பரீட்சைக் காலம். அந்தக் காலத்தில் புள்ளிகள் இரட்டிப்பாக விழும். மற்றவர்களுக்கு 3 என்றால் அவனுக்கு 6. மூன்று வருடத்துக்குள் 8 சேர்ந்துவிட்டால் 6 மாதத்துக்குக் காரைத் தொட முடியாது. அவன் மின்சார வேலை பழகுகிற பிள்ளை. சாமான்களோடு வான் ஓட்டித் திரிய வேண்டிய தொழில். லைசென்ஸ் போனால் வேலையும் போகும்.

வாயில் வந்ததெல்லாம் சொல்லி ஏசினேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றவன் கடைசியில் ஒன்று சொன்னான்: "அப்பா, எனக்கு வேகமா ஓட விருப்பம். அது பிழை எண்டு தெரியும். ஆனா விருப்பம் போகுதில்லை."

பொய் சொல்லியிருந்தால் இன்னும் இரண்டு ஏச்சோடு முடிந்திருக்கும். உண்மையைச் சொன்னபடியால் எனக்கு அன்றிரவு நித்திரை வரவில்லை.

எம்மவர்களில் பலர் இந்த இடத்தில் பிள்ளையிடம் திறப்பைப் பறித்து வைப்போம். நானும் இரண்டு கிழமை அப்படித்தான் செய்தேன். பிறகு யோசித்தேன். என்னிடம் திறப்பு இருக்கும். சிநேகிதனின் காரும் அவன் காலும் என்னிடம் இல்லையே.

அவனோடு வேலை செய்யும் நோர்வேஜியர் ஒருவர்தான் வழி சொன்னார். இங்கே 'பானெடாக்' என்று ஒன்று உண்டு. பந்தயத் திடலைக் கழகங்கள் ஒரு நாளுக்கு வாடகைக்கு எடுத்து, சாதாரண ஆட்களைத் தங்கள் சொந்தக் காரில் ஓட விடும் நாள் அது. பந்தயம் அல்ல, பரிசும் இல்லை. எதிரே கார் வராது, குறுக்கே பிள்ளைகள் வராது, ஓரத்தில் மரம் நிற்காது. ஒஸ்லோவில் இருந்து தெற்கே ஏறக்குறைய ஒரு மணித்தியால ஓட்டத்தில், றக்கஸ்தாவில் ரூட்ஸ்கூகன் திடல் இருக்கிறது. 1990இல் திறக்கப்பட்டது. 2012இல் பெருப்பித்த பிறகு அதன் நீளம் 3.25 கிலோமீற்றர். ஹெட்மார்க் பக்கம் வோலரிலும் ஒன்று உண்டு.

மனைவியிடம் சொன்னேன். அந்த ஆண்டு ஏப்ரலில் தியத்தலாவையில் நடந்த கார்ப் பந்தயத்தில் பார்வையாளர்களுக்குள் கார் புகுந்து 7 பேர் செத்த செய்தியை அவர் மறக்கவில்லை.

"இஞ்சருங்கோ, பொடியனை நிப்பாட்டச் சொன்னா நீங்கள் பந்தயத்துக்கு அனுப்பப் போறியளோ?" என்று கேட்டார்.

நியாயமான கேள்விதான். நான் அவருக்கு ஞாபகப்படுத்தியது எங்கள் இருவரின் லைசென்ஸ் கதையை. இந்த நாட்டில் லைசென்ஸ் எடுக்கும் எவரும் வழுக்கும் திடலில் ஓடிப் பழகியே ஆகவேண்டும். நாங்கள் எடுத்த காலத்திலும் அது இருந்தது. அன்று எனக்குப் பக்கத்தில் இருந்த ஆசிரியர், "இப்போ பிறேக்கை அமத்து" என்றார். அமத்தினேன். ஸ்ரியறிங்கைத் திருப்பினேன். கார் நான் சொன்னதைக் கேளாமல் தன்பாட்டில் போனது. பனிக்காலம் என்றால் என்ன என்பது எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. இத்தனை வருடம் விபத்தில்லாமல் ஓடுகிறேன் என்றால், அந்தச் சில நிமிடப் பயமும் ஒரு காரணம். கார் எந்த இடத்தில் கையை விட்டுப் போகும் என்பதை ஆபத்தில்லாத இடத்தில் ஒருமுறை பார்த்தவனுக்குப் பாதையில் நிதானம் வரும். மகனுக்கும் அந்தப் படிப்புத்தான் தேவை என்றேன். மனைவி சம்மதிக்கவில்லை. ஆனால் மறுக்கவும் இல்லை.

அடுத்த கேள்வி, எந்தக் கார்?

வீட்டில் நிற்கும் மின்சாரக் காரிலேயே போகலாம் என்றான் மகன். 2024இல் நோர்வேயில் விற்ற புதிய கார்களில் பத்துக்கு ஒன்பது அளவில் மின்சாரக் கார்கள். எங்கள் தமிழ் மண்டப வாசலிலும் அதே கணக்குத்தான். மிதித்தவுடன் பாயும் என்பது உண்மை. ஆனால் அதன் எடை 2 தொன்னுக்குக் கிட்ட. பாரம் இரட்டித்தால் பிறேக் விழுங்க வேண்டிய சூடும் இரட்டிக்கும். வேகம் இரட்டித்தால் சூடு நாலு மடங்கு. திடலில் ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் பிறேக் பிடிக்க வேண்டும். சூடு கூடினால் பிறேக் எண்ணெய் கொதித்துக் குமிழி விடும். பிறகு மிதியைக் கடைசிவரை அமத்தினாலும் கார் நிற்காது. அதோடு, பாரம் கூடிய காரில் தவறு விட்டால் அந்தத் தவறும் பாரமாகத்தான் இருக்கும்.

ஆகவே பாரம் குறைந்த கார். விலை குறைந்த கார். மற்றப்படி எஞ்சின் பலம் கடைசியில் பார்க்க வேண்டிய விடயம். 300 குதிரைவலுக் காரில் ஒரு புதியவன் நேர்ப்பாதையில் மட்டும் வேகமாக ஓடுவான். 120 குதிரைவலுக் காரில் வளைவை ஒழுங்காக எடுத்தால்தான் வேகம் வரும். பழக வேண்டியது வளைவைத்தானே.

பாவித்த கார் விளம்பரங்களை நாங்கள் இருவரும் அந்தக் குளிர்காலம் முழுவதும் பார்த்தோம். பள்ளிக்கூடக் காலத்துக்குப் பிறகு அவன் என்னோடு இவ்வளவு கதைத்தது அப்போதுதான்.

முதலில் மஸ்டா எம்எக்ஸ்-5. 1989இல் வந்த கார். முதல் வகை ஒரு தொன்கூட வராது. 1.6 லீற்றர் எஞ்சின், பின் சில்லு இழுவை, முன்னும் பின்னும் பாரம் ஏறக்குறையச் சமன். இந்த விளையாட்டுக்கு அதைவிட நல்ல ஆசிரியர் இல்லை என்று பலரும் சொல்வார்கள். தனிக்கட்டைப் பிள்ளைகளுக்கு நானும் அதைத்தான் சொல்வேன். ஆனால் கூரை துணி. உருண்டால் தலையைக் காக்க இரும்பு வளையம் பூட்ட வேண்டும். இருக்கையும் இரண்டுதான்.

அடுத்தது பழைய பிஎம்டபிள்யூ. மகனுக்கு அதில்தான் கண். நாங்கள் போய்ப் பார்த்த இரண்டுமே ரயரைப் புகைய வைத்துச் சறுக்கி விளையாடிய கார்கள். எஞ்சின் சத்தத்திலேயே அதன் கஷ்டகாலம் தெரிந்தது. 2012இல் வந்த ரொயோட்டா ஜிரி86 அருமையான கார். 200 குதிரைவலு, பின் சில்லு இழுவை. ஆனால் விலை எங்கள் கைக்கு எட்டவில்லை.

கடைசியில் வாங்கியது ஒரு சுசுக்கி சுவிஃப்ற் ஸ்போர்ட். 2008ஆம் ஆண்டுக் கார். 1.6 லீற்றர், 125 குதிரைவலு, எடை 1100 கிலோ அளவில். முன் சில்லு இழுவை. தகரக் கூரை. பின்னால் இருக்கை இருப்பதால் கிழமை நாட்களில் கடைக்கும் போகலாம்.

மண்டபத்தில் ஒருவர் கேட்டார்: "என்ன அண்ணை, இருந்த நல்ல கார் இருக்க இந்தப் பழசை ஏன் வாங்கினியள்?" எனக்குச் சிரிப்பு வந்தது. எங்களுக்குக் கார் என்பது மரியாதை. கலியாண வீட்டு வாசலில் நிற்க வேண்டியது. விளையாடுவதற்கு என்று ஒரு கார் வாங்குவதை எங்கள் தலைமுறை நினைத்தும் பார்த்ததில்லை. வடக்கே மீன் தொழிற்சாலையில் நின்ற காலத்தில் மூன்று பேர் காசு போட்டு வாங்கிய பழைய டட்சன்தான் என் முதல் கார். அது ஊருக்கு அனுப்பும் காசில் மிச்சம் பிடித்து வாங்கியது. அதில் எவன் விளையாடுவான்?

சுசுக்கி என்றதும் எனக்கு நினைவு வந்த இன்னொரு ஆள் கோயம்புத்தூர் கரிவரதன். 1980களின் கடைசியில் அவர் மாருதி 800 காரின் சின்ன எஞ்சினை வைத்து 'ஃபோர்முலா மாருதி' என்ற பந்தயக் காரைக் கட்டினார். சுசுக்கியின் வடிவத்தில் வந்த, 800 சிசி கூட இல்லாத எஞ்சின் அது. பெரிய காசு இல்லாதவனும் பந்தயம் ஓடவேண்டும் என்பதுதான் நோக்கம். கரிவரதன் 1995இல் விமான விபத்தில் இறந்து போனார். ஆனால் அந்தச் சின்னக் காரில் ஓடத் தொடங்கிய கோயம்புத்தூர் பொடியன் நரேன் கார்த்திகேயன் 2005இல் ஃபோர்முலா 1 பந்தயத்தில் ஓடினார். அந்த இடத்துக்கு வந்த முதல் இந்தியர் அவர். 2025 ஜனவரியில் அஜித் குமாரின் அணி துபாய் 24 மணித்தியாலப் பந்தயத்தில் தன் பிரிவில் மூன்றாவதாக வந்தபோது எங்கள் பிள்ளைகள் எல்லோரும் துள்ளினார்கள். அங்கே ஓடியது போர்ஷே. நான் மகனுக்குச் சொன்னது மாருதிக் கதையை.

நோர்வேயிலும் இதே யோசனை உண்டு. 'பில்குரொஸ்' என்ற மண் பாதைப் பந்தயத்தில் காருக்கு ஒரு நிலையான விலையை விதியே குறித்து வைத்திருக்கிறது. பந்தயம் முடிந்ததும் அந்த விலைக்கு உன் காரை இன்னொருவர் கேட்கலாம். நீ மறுக்க முடியாது. ஆகவே ஒருவரும் காரில் அளவுக்கு மேல் காசு கொட்ட மாட்டார்கள். 2003இல் உலக ரலிச் சாம்பியனான பெத்தர் சூல்பர்க் பில்குரொஸில் தொடங்கியவர்தான்.

அந்த விதியை நாங்கள் வீட்டுக்கும் எடுத்துக்கொண்டோம். மொத்தம் 80,000 குறோணர். அதில் பாதிக்கு மேல் காருக்கு இல்லை. மிச்சம் பிறேக் கட்டைகள், கொதிநிலை கூடிய பிறேக் எண்ணெய், நல்ல ரயர், ஹெல்மெற், திடல் கட்டணம். சாதாரணக் காப்புறுதி திடலில் ஓடுவதை ஏற்காது. ஒப்பந்தத்தை வாசித்துப் பார்த்தால் சின்ன எழுத்தில் இருக்கும். ஆகவே நொறுங்கினாலும் வீட்டுச் செலவு தடைப்படாத கார்தான் எங்களுக்குச் சரியான கார். வாங்குமுன் கீழே படுத்து ரோர்ச் அடித்துத் துருவைப் பார்த்தோம். இந்த நாட்டில் பனிக்குப் போடும் உப்பு காரின் அடிப்பாகத்தைத் தின்றுவிடும்.

2025 மே மாதம் ரூட்ஸ்கூகனுக்குப் போனோம். காலையில் எல்லோரையும் கூப்பிட்டுக் கொடிகளின் பொருளைச் சொன்னார்கள். மஞ்சள் காட்டினால் கவனம், முந்தக் கூடாது. சிவப்பு என்றால் ஓட்டம் நிறுத்தம். முன்னால் போகிறவர் இடம் விட்டால்தான் முந்தலாம். முதல் சுற்றுகளில் மகனோடு பயிற்றுநர் ஒருவர் ஏறினார். நான் வேலியோரம் நின்றேன். அவனது சிவப்புச் சுசுக்கியைப் பெரிய கார்கள் எல்லாம் முந்திக்கொண்டு போயின.

மத்தியானம் அவன் என்னை ஏற்றினான். தலையில் ஹெல்மெற், கையில் கைபிடி, வாயில் பிள்ளையார். இரண்டாவது சுற்றில் ஒரு வளைவில் அவன் கொஞ்சம் வேகமாக நுழைந்துவிட்டான். முன் சில்லுகள் பிடி விட்டுக் கார் வெளிப்பக்கம் வழுகியது. நான் கண்ணை மூடினேன். அவன் பெற்றோலை மெல்லத் தளர்த்தினான், ஸ்ரியறிங்கைச் சற்று நேராக்கினான். சில்லு மறுபடி பிடித்தது. அந்த நேரத்தில் கார் ஓடியது 90க்குக் கிட்ட.

"பாத்தியளா அப்பா, 90இலையே போகப் பாக்குது. அண்டைக்கு நான் 104இலை இருட்டுக்கை..." என்று தொடங்கியவன் முடிக்கவில்லை. நானும் ஒன்றும் சொல்லவில்லை. ஏசி விளங்கப்படுத்த முடியாததை அந்த வளைவு சொல்லிவிட்டது.

ஓட்டம் முடிந்து நிறுத்தும்போது நான் பழக்கத்தில் கைப்பிறேக்கை இழுக்கப் போனேன். "வேண்டாம் அப்பா, பிறேக் சூடு. இழுத்தா ஒட்டிப்போம். கியரிலை விடோணும்" என்றான். நிலம் சற்றுச் சரிவு. நான் இறங்கி ஒரு கல்லைத் தேடி எடுத்துச் சில்லுக்கு அடை வைத்தேன். பக்கத்தில் நின்ற நோர்வேஜியர் சிரித்தார்.

எனக்கு மாமாவின் ஏ40 ஞாபகம் வந்தது. ஊரில் ஹயர் ஓடிய கார். 1990இல் மறுபடி சண்டை தொடங்கிப் பெற்றோல் இல்லாமல் போனபோது, ஸ்ராட் பண்ணக் கொஞ்சப் பெற்றோல் விட்டுப் பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினார். எங்கு நிறுத்தினாலும் கல் அடைதான். நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதும் அதில்தான், இடம்பெயர்ந்ததும் அதில்தான். அந்தக் காரை மெல்லமாக, எல்லாச் சத்தத்தையும் காது கொடுத்துக் கேட்டு ஓட்டுவார். பின்னேரம் மகனும் அப்படித்தான் செய்தான். கடைசிச் சுற்றைப் பிறேக் தொடாமல் மெதுவாக ஓடிக் காரை ஆறவிட்டு, பொனற்றைத் திறந்து ஒயில் பார்த்து, ரயரைத் தடவிப் பார்த்தான்.

திரும்பும் வழியில் அவன்தான் ஓட்டினான். 80 போட்ட பாதையில் 80தான். அவன் திருந்திவிட்டான் என்று நான் இங்கே எழுத வரவில்லை. வயது 19. ஆனால் இதை எழுதும்வரை இன்னொரு புள்ளி விழவில்லை. வேகமாக ஓட ஆசை வந்தால் அடுத்த பானெடாக் எப்போது என்று என்னிடம் கேட்கிறான். மனைவி இன்னும் திடலுக்கு வரவில்லை. ஆனால் அந்த நாட்களில் இரண்டு பேருக்கும் புட்டும் கறியும் கட்டித் தருகிறார்.

பிள்ளைக்கு லைசென்ஸ் கிடைத்த சந்தோஷத்தில் பலமான கார் வாங்கிக் கொடுக்க நினைக்கும் பெற்றோருக்கு ஒன்று மட்டும் சொல்வேன். அந்தக் காசில் பாதிக்கு ஒரு பழைய சின்னக் காரையும், மிச்சத்துக்கு நல்ல பிறேக்கையும், திடலில் சில நாட்களையும் வாங்கிக் கொடுங்கள். முடிந்தால் பக்கத்து இருக்கையில் நீங்களும் ஏறி இருங்கள்.