தறிச் சத்தத்துக்கு நடுவே ஒரு முடிச்சு!

சோமனூரில் ஒரு வீட்டின் டிவி ஸ்டாண்டில் ஒன்பது நாள்களாக ஒரு படிவம் கிடந்தது. பெயர், வகுப்பு, ரத்த வகை எல்லாம் நிரப்பியாகிவிட்டது. ‘பெற்றோர் கையொப்பம்’ என்ற இடம் மட்டும் காலி.

அது சாரணியர் இயக்கத்தின் திரிதிய சோபான் தேர்வு முகாமுக்கான படிவம். மூன்று நாள், இரண்டு ராத்திரி, வேறொரு பள்ளியில். ஒன்பதாம் வகுப்பு படிக்கும் அந்த மகளுக்கு முடிச்சுப் போடத் தெரியும், முதலுதவிக் கட்டுகள் தெரியும், திசைகாட்டியில் பதினாறு திசைகளும் தெரியும். அப்பாவிடம் கையெழுத்து வாங்கத்தான் தெரியவில்லை.

“பகல்ல என்ன வேணாலும் பண்ணிக்கோ கண்ணு. ராத்திரி தங்கறதெல்லாம் வேண்டாம்.” அவ்வளவுதான் அப்பா சொன்னது. திட்டவில்லை, கோபப்படவில்லை. திட்டியிருந்தால்கூட அழுது சாதித்திருக்கலாம்.

பாரத சாரண சாரணியர் இயக்கத்தில் விருது என்பது ஒரே நாளில் மேடையேறி வாங்குவதல்ல. முதலில் பிரவேஷ். பிறகு பிரதம சோபான், துவிதிய சோபான், திரிதிய சோபான். சோபான் என்றால் படிக்கட்டு. (இந்தப் பெயர்களைத் தடுமாறாமல் சொல்வதே தனித் தேர்வு!) அதற்கு மேல் ஆளுநர் விருதான ராஜ்ய புரஸ்கார். உச்சியில் குடியரசுத் தலைவர் விருது. ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் நடுவே மாதக்கணக்கில் இடைவெளி வேண்டும். இந்த முகாமை விட்டால் அடுத்த வருடம்தான். அடுத்த வருடம் பத்தாம் வகுப்பு. பொதுத்தேர்வு இருக்கும்போது முகாம் என்று வாயைத் திறக்க முடியுமா?

அவள் ஆறாம் வகுப்பில் சேர்ந்தபோது வீட்டில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. உறுதிமொழி எடுத்து, கழுத்தில் ஸ்கார்ஃபோடு வந்தவள், முதல் வேலையாக அம்மிச்சியிடம் இடது கையை நீட்டினாள். சாரணியர் கைகுலுக்குவது இடக்கையால்தான். இதயத்துக்கு அருகில் இருக்கும் கை என்பார்கள். அம்மிச்சி அந்தக் கையைப் பட்டென்று தட்டிவிட்டு, “சோத்தாங்கையில குடு புள்ள” என்றார். வீடே சிரித்தது. அன்றைக்கு அது விளையாட்டு. பெண் வயதுக்கு வந்த பிறகு அதே சீருடை வேறு மாதிரி தெரிய ஆரம்பித்துவிட்டது.

‘பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு கேம்ப்பு?’ என்ற கேள்வி சோமனூரில் பிறந்ததில்லை. 1909 செப்டம்பரில் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் பேடன் பவல் நடத்திய சாரணர் பேரணி, பையன்களுக்கானது. அழைப்பே இல்லாமல் சில பெண்கள் சாரணர் உடையோடு வந்து நின்று, நாங்களும் சாரணர்கள்தான் என்றார்கள். காட்டில் கூடாரம் போடுவது பெண்களுக்கு அழகா என்று அந்த ஊர்ப் பெரியவர்களும் முகம் சுளித்தார்கள். ஆனால், 1910-ல் பேடன் பவலின் தங்கை ஆக்னஸின் பொறுப்பில் பெண்களுக்கென்று தனி இயக்கமே தொடங்கியது. 1911-ல் அது ஜபல்பூர் வழியாக இந்தியாவுக்குள் வந்தது. நம் நாட்டில் பையன்கள் இயக்கமும் பெண்கள் இயக்கமும் தனித்தனியாக நடந்து, 1951 ஆகஸ்ட் 15-ல்தான் ஒரே அமைப்பாகின.

சோமனூருக்கு வருவோம். அப்பாவுக்கு இருந்தது பயம் மட்டும் என்று சொல்லிவிட முடியாது. நாளைக்கு யாராவது ஏதாவது சொன்னால் பதில் சொல்ல வேண்டியது அவர்தானே? அம்மாவின் கவலை வேறு. அதை அவர் கணவரிடம் சொல்லாமல், நேராகப் பள்ளிக்குப் போய் சாரணியர் பொறுப்பாசிரியையிடமே கேட்டார். “டீச்சருங்... அங்க இருக்கையில அந்த நாளு வந்துருச்சுன்னா என்னங்க பண்றது?”

டீச்சர் சிரிக்கவில்லை. நாப்கின் எங்கே இருக்கும், கழிவறை எத்தனை, பெண்கள் தங்கும் இடத்தில் பெண் ஆசிரியைகள் மட்டுமே இரவு உடனிருப்பார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். “வயித்து வலின்னா படுத்துக்கட்டும். யாரும் எழுப்ப மாட்டாங்க” என்றார். இந்தப் பேச்சை எல்லாப் பள்ளியிலும் டீச்சரே தொடங்கினால், எத்தனையோ படிவங்கள் வீட்டில் தூங்காது. அம்மா அன்றைக்கே சமாதானமாகிவிட்டார். ஆனாலும், “அப்பா போடட்டும்” என்று படிவத்தைப் பழைய இடத்திலேயே வைத்துவிட்டார்.

அப்பா கூலிக்கு நெசவு செய்பவர். வீட்டை ஒட்டியே தறிக்குடோன். ஒரு சாயங்காலம் அவருக்குக் காபி கொண்டுபோனவள், அங்கேயே ஒரு மூலையில் உட்கார்ந்து கயிற்றில் பழகிக்கொண்டிருந்தாள். தடிமன் வேறுபட்ட இரண்டு கயிறுகளை இணைக்கும் முடிச்சு அது. சாரணியர் பாடத்தில் அதன் பெயர் ‘ஷீட் பெண்ட்’. பிரதம சோபானிலேயே வந்துவிடும். ஆனால், பதற்றத்தில் அவளுக்கு அடிக்கடி மாறிப்போகும்.

அப்பா கொஞ்ச நேரம் பார்த்தார். தறியை நிறுத்தினார்.

“இதுக்கு என்ன பேரு?”

சொன்னாள். அவர் பதில் பேசாமல், பாவில் அறுந்து தொங்கிய இரண்டு இழைகளை எடுத்தார். விரல் எப்படிப் போனது என்றே தெரியவில்லை, முடி விழுந்துவிட்டது. அந்தச் சின்ன முடியைப் பக்கத்தில் போய் உற்றுப் பார்த்தவளுக்கு ஆச்சர்யம். அதே வளையம், அதே சுற்று!

இது ஏதோ தற்செயல் இல்லை. நெசவாளர் முடிச்சும் ஷீட் பெண்டும் அமைப்பில் ஒன்றுதான். கப்பலில் கயிற்றில் போட்டால் ஒரு பெயர், தறியில் நூலில் போட்டால் இன்னொரு பெயர். விழுதுக் கண்ணிலும் அச்சுப் பல்லிலும் சிக்காமல் நுழைய வேண்டும் என்பதால் நெசவில் அது கடுகளவு சிறியதாக இருக்கும். ஒரு நாளில் எத்தனை முறை போடுகிறோம் என்று தறிக்காரர்கள் எண்ணுவதில்லை.

“கட்டை விரல்ல அமுக்கிப் புடி. அப்பத்தான் நழுவாது” என்று சொல்லிக்கொடுத்தார். ஏழெட்டு முறை போடவைத்தார். “இதுக்கெல்லாமா சர்டிபிகேட்டு குடுக்கறாங்க?” என்று கேட்டுவிட்டு, மறுபடி தறியை ஓடவிட்டார். படிவத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

மறுநாள் காலை டிவி ஸ்டாண்டில் படிவம் இருந்தது, கையெழுத்தோடு. கொடுக்க வேண்டிய கடைசி நாள் அது.

முகாமுக்கு டிவிஎஸ் எக்ஸ்எல்லில் கொண்டுபோய் விட்டவர், உடனே கிளம்பவில்லை. எதிர்ப்பக்க பேக்கரியில் இரண்டு டீ குடித்துவிட்டுத்தான் போனார். முதல் ராத்திரி டீச்சர் போனுக்கு மூன்று அழைப்புகள். வகுப்பறை பெஞ்சுகளை ஒதுக்கிப் பாய் விரித்துப் படுத்திருந்தவள், “அப்பா, எல்லாரும் தூங்கறாங்கப்பா” என்று கிசுகிசுத்தாள்.

இரண்டு கம்பும் ஒரு போர்வையும் வைத்து ஸ்ட்ரெச்சர் கட்டினார்கள். பெரிய வெங்காயத்தைக் குடைந்து, உள்ளே முட்டையை உடைத்து ஊற்றி, தணலில் வேகவைத்தார்கள். பாத்திரமில்லாத சமையல்! வீட்டில் அதைச் செய்துகாட்டியபோது அம்மாவின் விமர்சனம், “உப்பு பத்தல.” ஷீட் பெண்ட் மட்டும் நழுவவே இல்லை.

இப்போது சொந்தக்காரர்கள், “இதுல ரயில்வே வேலை கெடைக்குமாமா?” என்று விசாரிக்கிறார்கள். ரயில்வேயில் சாரண, சாரணியர் ஒதுக்கீடு இருப்பது உண்மை. ஆனால், ஒரு மண்டலத்துக்குக் கைவிரலில் எண்ணிவிடும் அளவு இடங்கள்தான். குடியரசுத் தலைவர் விருது போன்ற உயர்நிலைத் தகுதியோடு, இயக்கத்தில் பல ஆண்டுத் தொடர் பங்களிப்பும் வேண்டும். ஏதோ சேர்ந்த உடனே வேலை என்பதுபோலச் சிலர் ஆசைகாட்டுவது சரியில்லை. அப்பாவும் அதை நம்பிக் கையெழுத்துப் போட்டவர் இல்லை.

அடுத்தது ராஜ்ய புரஸ்கார் முகாம். ஊர் இன்னும் தூரம். புதுப் படிவத்தை அவள் இந்த முறை டிவி ஸ்டாண்டில் வைக்கவில்லை. பேனாவையும் சேர்த்து எடுத்துக்கொண்டு நேராகத் தறிக்குடோனுக்குப் போயிருக்கிறாள்.