டீசல் குடிக்கும் யானைகள்

நமீபியாவின் தலைநகர் வின்ட்ஹுக்கிலிருந்து வடக்கே கிளம்புகிறவருக்கு ஓச்சிவரோங்கோ வரை கவலையில்லை. நல்ல தார் ரோடு. அங்கே மேற்குப் பக்கம் திரும்பி, கோரிகாஸ் என்ற சிற்றூரைத் தாண்டியதும் தார் முடிந்து சரளை ரோடு தொடங்கும். ஒரு ஸ்டெப்னி போதாது, இரண்டு வைத்துக்கொள்ளுங்கள் என்று வாடகைக்கு வண்டி கொடுப்பவர்களே சொல்லி அனுப்புவார்கள். கொஞ்ச நேரத்தில் செல்போனில் சிக்னலும் போய்விடும். துருப்பிடித்த நிறத்தில் கற்கள், தலை சீவிவிட்ட மலைகள், நடுநடுவே யூஃபோர்பியா புதர்கள். அந்தப் புதரின் பால் மனிதருக்கு விஷம். கறுப்புக் காண்டாமிருகம் அதை மென்று தின்றுவிட்டு அடுத்த புதருக்கு நகர்ந்துவிடும்.

இதுதான் டமராலாண்ட். இந்த வறண்ட பூமியில் யானை இருக்கிறது, சிங்கம் இருக்கிறது, வேலி போட்ட எந்தச் சரணாலயத்துக்குள்ளும் அடைபடாத காண்டாமிருகங்கள் இருக்கின்றன. இவற்றுக்கிடையே ஆடு மேய்க்கிற குடும்பங்களும் இருக்கின்றன. கென்யாவுக்கோ தான்சானியாவுக்கோ போகிறவருக்குக் கிடைக்கும் மந்தை மந்தையான காட்சி இங்கே கிடைக்காது. ஒரு யானைக் கூட்டத்தைப் பார்க்கவே நாள் முழுக்க ஆற்றுப்படுகையில் அலைய வேண்டியிருக்கும். ஆனாலும் சஃபாரி விடுதிகளால் ஊருக்கும் காட்டுக்கும் என்ன நன்மை என்று விசாரிக்கிறவர்கள் முதலில் வரவேண்டிய இடம் இதுதான்.

1980களின் தொடக்கத்தில் இங்கே எல்லாம் கைமீறிப் போயிருந்தது. நாடு தென்னாப்பிரிக்காவின் பிடியில் இருந்தது, வடக்கே போர் நடந்துகொண்டிருந்தது. கொடும் பஞ்சத்தில் ஹெரேரோ, ஹிம்பா மக்களின் மாடுகளில் பெரும்பகுதி செத்து விழுந்தது. தந்தத்துக்கும் கொம்புக்கும் நல்ல விலை கிடைத்தது. பசித்தவர்களும் சுட்டார்கள், பதவியில் இருந்தவர்களும் சுட்டார்கள். அந்த நேரத்தில் கார்த் ஓவன்-ஸ்மித் என்ற வனவுயிர் ஆர்வலர் ஊர்த்தலைவர்களிடம் போய் உட்கார்ந்து பேசினார். ஜோஷுவா காங்கொம்பே போன்ற தலைவர்கள் தங்கள் ஊர்க்காரர்களிலிருந்தே காவலர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்களுக்குக் கூலி, மக்காச்சோள மாவு உள்ளிட்ட ரேஷனும் கொஞ்சம் காசும். வேலை, நடந்து திரிந்து கண்ணில் பட்டதைத் தலைவரிடம் சொல்வது. சீருடைக்காரர் வந்து பிடிப்பதைவிட, சொந்த ஊர்த்தலைவர் முகத்தில் விழிக்க முடியாமல் போவது வேட்டைக்காரர்களை அதிகம் தடுத்தது. ஓவன்-ஸ்மித்துக்கும் அவரோடு சேர்ந்து உழைத்த மானுடவியலாளர் மார்கரெட் ஜேக்கப்சனுக்கும் 1993இல் கோல்ட்மேன் சுற்றுச்சூழல் விருது கிடைத்தது.

காவல் வந்தது, ஆனால் உரிமை வரவில்லை. வெள்ளைக்காரப் பண்ணையார்கள் தங்கள் நிலத்தில் திரியும் மான்களால் வருமானம் பார்க்கச் சட்டம் சுதந்திரத்துக்கு முன்பே இடம் கொடுத்திருந்தது. அதனால் அந்தப் பண்ணைகளில் மான்கள் பெருகின. பொது நிலத்தில் வாழ்ந்த கறுப்பின மக்களுக்கோ அதே மான் அரசாங்கத்தின் சொத்து. 1990இல் சுதந்திரம் வந்தது. புதிய அரசியலமைப்பின் 95ஆம் பிரிவு இயற்கையைப் பேணுவதை அரசின் கொள்கையாக எழுதிவைத்தது. 1996இல் வந்த சட்டத்திருத்தம் பண்ணையாருக்கு இருந்த உரிமையைப் பொது நிலத்து மக்களுக்கும் விரித்தது. எல்லையை வரையறுத்து, உறுப்பினர் பட்டியல் போட்டு, ஒரு குழுவையும் விதிமுறையையும் பலனைப் பங்கிடும் திட்டத்தையும் வைத்துக்கொண்டால் அந்த மக்கள் 'கன்சர்வன்சி' என்ற சங்கமாகப் பதிவு செய்துகொள்ளலாம். நிலம் அரசுடையதாகவே இருக்கும். அதில் திரியும் விலங்கினாலும் சுற்றுலாவினாலும் வரும் பலன் சங்கத்துக்கு. 1998இல் முதல் நான்கு சங்கங்கள் பதிவாயின. இன்று 86 இருக்கின்றன. நாட்டின் நிலப்பரப்பில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அவற்றின் எல்லைக்குள் அடங்குகிறது.

அந்த முதல் நான்கில் ஒன்று டோரா. பரப்பு சுமார் 3,500 சதுர கிலோமீட்டர், ஜனங்கள் ஆயிரத்துச் சொச்சம். அவர்களில் டமரா மக்களோடு ரீம்வாஸ்மாக்கர்கள் என்ற கூட்டத்தாரும் உண்டு. தென்னாப்பிரிக்காவின் ரீம்வாஸ்மாக் என்ற ஊரில் இருந்தவர்களை 1970களில் நிறவெறி அரசு அடியோடு பெயர்த்தது. ஒரு பகுதியினரை இந்தக் கல்காட்டில் கொண்டுவந்து இறக்கியது. அவர்கள் விட்டுவந்த மண் பின்னால் ராணுவப் பயிற்சிக்களமானது. அதில் ஒரு துண்டு ஆக்ராபீஸ் தேசியப் பூங்காவோடு சேர்க்கப்பட்டது. சொந்த மண்ணில் ஒரு பகுதியைத் தேசியப் பூங்காவுக்குப் பறிகொடுத்தவர்கள், வந்த இடத்தில் காட்டுவிலங்கை வைத்துப் பிழைக்கிறார்கள். ஆப்பிரிக்கச் சஃபாரி விளம்பரங்களில் இந்தக் கதை இடம்பெறுவதில்லை.

சங்கம் பதிவாவதற்கு முன்பே, 1996இல், வைல்டர்னஸ் சஃபாரிஸ் நிறுவனம் ஹுவாப் ஆற்றை ஒட்டி டமராலாண்ட் கேம்ப் என்ற விடுதியைத் திறந்தது. ஊராரோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி மொத்த வரவில் பத்து சதவீதம் ஊருக்கு. வேலைக்கு முதல் உரிமை உள்ளூர்க்காரருக்கு. 'மொத்த வரவில்' என்ற சொல்லைக் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். லாபத்தில் பங்கு என்று எழுதியிருந்தால் அது கணக்கப்பிள்ளையின் பேனாவிலேயே காணாமல் போயிருக்கலாம். கட்டடத் தேய்மானம், விளம்பரச் செலவு, தலைமை அலுவலகச் செலவு என்று கழித்துக்கொண்டே போனால் லாபம் எந்த வருடமும் வராது. கட்டில் நிரம்பினால் காசு என்பது எழுதப் படிக்கத் தெரியாத கிழவருக்கும் புரிகிற கணக்கு. எத்தனை வண்டி வந்தது என்று ரோட்டோரத்தில் உட்கார்ந்தே அவர் எண்ணிவிடலாம்.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த உள்ளூர்ப் பெண் ஒருவர் இங்கே பரிமாறும் வேலைக்குச் சேர்ந்து, விடுதியின் மேலாளராகவே உயர்ந்தார். சில ஆண்டுகளுக்குள் டோரா சங்கம் வெளியார் உதவியில்லாமல் தன் காவலர்களுக்குத் தானே சம்பளம் கொடுக்கும் நிலைக்கு வந்தது. 2003இல் வயதுவந்த உறுப்பினர்களுக்குத் தலைக்கு 630 நமீபிய டாலர் கையில் கொடுத்தது. பெரிய தொகை இல்லை. ஆனால் ஓரிக்ஸ் மானையும் காண்டாமிருகத்தையும் சுடாமல் விட்டதற்காக அந்த ஊர்க்காரர் கைக்குப் பணம் வந்தது. மறு ஆண்டு ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் ஈக்வேட்டர் பரிசும் வந்தது.

டோராவின் அண்டைவீட்டுக்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். கோவாடி-ஹோவாஸ் சங்கம், அதன் பெயருக்கு டமரா மொழியில் 'யானைகளின் மூலை' என்று பொருள், க்ரூட்பெர்க் மலை விளிம்பில் 2005இல் ஒரு விடுதியைத் திறந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியுதவியில் எழுந்த அந்த விடுதி முழுக்க முழுக்கச் சங்கத்துக்கே சொந்தம். அன்றாட நிர்வாகத்தை மட்டும் ஒரு நிறுவனம் பார்த்துக்கொள்கிறது. கீழே கிளிப் ஆற்றுப் பள்ளத்தாக்கு விரிந்து கிடக்கிறது. மலையேறும் பாதை செங்குத்தானது. சாதாரண காரில் வருகிறவர்கள் அடிவாரத்தில் நிறுத்திவிட்டு விடுதி வண்டியில் ஏறிக்கொள்வதே உத்தமம்.

இந்த யானைகளின் விஷயத்துக்கு வருவோம். ஒரு யானை ஒரு நாளில் நூறு, நூற்றைம்பது லிட்டர் தண்ணீர் குடிக்கும். பாலைவனத்தில் அது எங்கே கிடைக்கும்? ஆட்டுக்காரர் போட்ட ஆழ்துளைக் கிணற்றில்தான். ராத்திரி வரும் கூட்டம் தொட்டியைக் காலிசெய்துவிட்டு, வாசனை பிடித்துக் குழாயையும் பிடுங்கிப் போட்டுவிட்டுப் போகும். காலையில் ஆட்டுக்குத் தண்ணீர் வேண்டுமானால் மறுபடி பம்பு ஓட்ட வேண்டும், பம்புக்கு டீசல் வேண்டும். ஆக, யானை குடிப்பது ஏழை விவசாயியின் டீசலை. இதற்குத்தான் கோவாடி-ஹோவாஸ் போன்ற சங்கங்கள் தங்கள் வருமானத்திலிருந்து டீசல் கொடுத்தன. பம்பையும் தொட்டியையும் சுற்றிக் கல்சுவர் எழுப்பின, யானைக்கென்று தனிக் குட்டைகள் அமைத்தன. வெளிநாட்டுப் பயணி விடுதி மாடத்தில் அமர்ந்து யானையைப் படமெடுக்கும்போது, அந்தப் படத்துக்கான செலவில் ஒரு பகுதி எங்கோ ஒரு கிணற்றடியில் ஏற்கெனவே தீர்க்கப்பட்டிருக்கிறது. சுற்றுலாவால் பாதுகாப்பு என்று பேசுகிறவர்கள் இந்த டீசல் கணக்கிலிருந்து தொடங்கினால் பேச்சில் சத்து இருக்கும்.

காண்டாமிருகத்தின் கதை இன்னும் கடினமானது. பிளைத் லூட்டிட் முதலானோர் 1982இல் தொடங்கிய 'சேவ் த ரைனோ டிரஸ்ட்' இங்கே வேலை செய்கிறது. வேட்டைக்காரர்களை ஏமாற்றக் காண்டாமிருகத்தின் கொம்பை அறுத்துவிடும் உத்தியை 1989இல் உலகிலேயே முதலில் செய்துபார்த்த நாடு நமீபியா. பாம்வாக் பகுதியில் உள்ள டெசர்ட் ரைனோ கேம்ப், இந்த டிரஸ்டின் தடம் பார்ப்பவர்களோடு கைகோத்து நடக்கிறது. விடியற்காலையில் அவர்கள் முன்னே போய்க் குளம்படியும் சாணமும் தேடுவார்கள். விருந்தினர்கள் பின்னால் வருவார்கள். மிருகத்தைக் கண்டதும் வண்டியை விட்டு இறங்கி, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து, வரிசையாக நடந்து, எட்டத்திலேயே நின்றுவிட வேண்டும். பார்வை மங்கலான மிருகம், ஆனால் காதும் மூக்கும் கூர்மை. அதன் காதில் உள்ள வெட்டு அடையாளத்தைப் பார்த்து எந்த மிருகம் என்று தடம் பார்ப்பவர் குறித்துக்கொள்வார். விருந்தினர் வந்தாலும் வராவிட்டாலும் நடக்க வேண்டிய ரோந்து அது. விருந்தினர் வருவதால் செலவு தாங்குகிறது.

எல்லாம் சுமுகம் என்று எழுதினால் அது விளம்பரப் புத்தகமாகிவிடும். 1990களின் பிற்பகுதியில் இருபது சொச்சமாக இருந்த பாலைவனச் சிங்கங்கள் 2015 வாக்கில் நூற்றைம்பதை எட்டின. அதற்குள் வறட்சி பிடித்துக்கொண்டது. ஆண்டுக்கணக்கில் மழை பொய்த்து மான்கள் குறைந்ததும் சிங்கங்கள் ஆட்டுப்பட்டிக்குள் இறங்கின. ஒரே இரவில் மந்தையில் பாதியை இழந்த பெண்ணிடம் சங்கத்தின் ஆண்டறிக்கையை நீட்டிப் பயனில்லை. அரசின் நிவாரணத் திட்டம் கொடுக்கும் தொகை சந்தை விலைக்கு எட்டாது. விடுதியில் சமைக்கும் பெண்ணுக்கு மாதச் சம்பளம், பட்டியைப் பறிகொடுத்தவருக்கு இழப்பு. இரண்டு பேரும் ஒரே சங்கத்து உறுப்பினர்கள். லாபமும் நஷ்டமும் ஒரே வீட்டில் விழுவதில்லை என்பதுதான் இந்த ஏற்பாட்டின் பெரிய ஓட்டை.

இன்னொரு ஓட்டை 2020இல் வெட்டவெளிச்சமானது. கொரோனாவில் விமானங்கள் நின்றன, விடுதிகள் காலியாயின, காவலர் சம்பளம் வந்த ஊற்று வறண்டது. அரசும் தொண்டு நிறுவனங்களும் அவசர நிதி ஒன்றைத் திரட்டித்தான் ரோந்தை நிற்காமல் பார்த்துக்கொண்டன. அழகான பள்ளத்தாக்கு இல்லாத, யானை வராத சங்கங்களுக்கு விடுதிக்காரர் யாரும் வருவதே இல்லை. அவற்றில் பல இன்றும் சொந்தக் காலில் நிற்க முடியாமல் இருக்கின்றன. சில சங்கங்கள் அனுமதி பெற்ற வேட்டைக்காரர்களின் கட்டணத்தை நம்பியிருக்கின்றன. அது சரியா தவறா என்று ஐரோப்பாவில் ஆவேசமாக விவாதிக்கிறார்கள். அந்தப் பணம் நின்றுபோனால் காவலருக்கு யார் சம்பளம் கொடுப்பது என்பதற்கு அங்கே பதில் குறைவு.

எனினும் நாற்பது ஆண்டுகளுக்கு முன் சுடப்பட்டுத் தீர்ந்துகொண்டிருந்த மிருகங்கள் இன்றும் இந்தக் கற்களுக்கிடையே நடமாடுகின்றன. அதற்குக் காரணம் விடுதியின் பெருந்தன்மை என்று சொல்ல முடியாது. விடுதிக்காரர் வாசலில் வந்து நின்றபோது, பேரம் பேசும் தகுதியைச் சட்டம் ஊராருக்குக் கொடுத்திருந்தது. நன்கொடை கொடுப்பவர் நினைத்தால் நிறுத்திவிடலாம். ஒப்பந்தப்படி வரவேண்டிய காசைக் கேட்டு வாங்கலாம்.

டமராலாண்டுக்குப் போக மே முதல் அக்டோபர் வரை நல்ல காலம். அங்கே என்றில்லை, எந்தக் காட்டுக்குப் போனாலும், விடுதியை முன்பதிவு செய்வதற்கு முன் ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள்: ஒப்பந்தம் யாரோடு, மொத்த வரவில் ஊருக்கு எத்தனை சதவீதம், மேலாளர் எந்த ஊர்க்காரர்? நல்ல விடுதி ஒரே பத்தியில் எண்ணோடு பதில் எழுதும். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் கொடுத்த புகைப்படம் மட்டும் பதிலாக வந்தால், வேறு விடுதி பாருங்கள்.