கொள்ளிடப் படுகைக்குப் போகும் ஜோங்கா

காலை எட்டு மணிக்கே திருச்சி அரியமங்கலத்தில் தகரக் கூரை சுடத் தொடங்கிவிட்டது. பட்டறைக்குள் ஒரு ஜோங்கா பானெட் திறந்து நிற்கிறது. மட்கார்டின் மேல் பழைய சாக்கை விரித்து, வயிறு அழுந்தக் கவிழ்ந்திருக்கிறார் மேஸ்திரி. கையில் ஸ்பேனர்.

"அடிடா தம்பி."

பையன் கைப்பம்பை அழுத்துகிறான். டீசல் ஃபில்டரின் தலையில் தளர்த்திய போல்ட்டைச் சுற்றி நுரை கசிகிறது. "இன்னும் அடி." நுரை குமிழியாகிறது. குமிழி சிறுத்து, ஊசிமுனை அளவாகி, நின்றுபோகிறது. அடுத்து வருவது நுரையில்லாத டீசல், ஒரே இழையாக. அந்தக் கணத்தில் போல்ட்டை இறுக்குகிறார். பிறகு பையன் செல்ஃப் அடிக்க, நாசில் பைப்புகளிலும் ஒவ்வொன்றாகத் தளர்த்தி இறுக்கும் இதே வேலை. மூன்றாவது பைப்பை இறுக்கும்போதே இஞ்சின் இருமிக்கொண்டு எழுந்தது.

லைனில் ஏர் பிடித்துவிட்டால் இதைத் தவிர வழியில்லை. டீசல் அமுங்காது, காற்று அமுங்கும். பம்ப் கொடுக்கிற அழுத்தமெல்லாம் குமிழியை நசுக்குவதிலேயே தீர்ந்துபோக, நாசில் திறக்காது. "விடிய விடிய செல்ஃப் அடிச்சாலும் பேட்டரிதான் சாகும்" என்றார் மேஸ்திரி, கையைத் துடைத்துக்கொண்டே.

வண்டிக்காரர் ஸ்ரீரங்கத்தில் குடியிருப்பவர். கொள்ளிடக் கரையில் வாழை போட்டிருக்கிறார். மழைக்குப் பிறகு படுகை நிலத்தில் சாதாரண வண்டி இறங்கினால் மேலே ஏறாது. நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி வேண்டும், பின்னால் வாழைத்தார் அடுக்க இடமும் வேண்டும் என்று தேடியவருக்கு, ராணுவம் கழித்து ஏலம் விட்டு, இரண்டு கை மாறிய இந்த ஜோங்கா கிடைத்தது. பின்பக்கத்து எதிரெதிர் பெஞ்சுகளை மடக்கிவிட்டால் நல்ல பிக்கப்.

ஜோங்கா என்பது ஜபல்பூர் ஆர்ட்னன்ஸ் அண்ட் கன் கேரேஜ் அசெம்ப்ளி என்பதன் சுருக்கம். நிஸான் பேட்ரோல் வண்டியை உரிமம் பெற்று, 1969 முதல் 1999 வரை ஜபல்பூரில் ராணுவத்துக்காகச் செய்தார்கள். ஆறு சிலிண்டர், ஏறக்குறைய நாலு லிட்டர் பெட்ரோல் இஞ்சின். அரசாங்கம் எண்ணெய் ஊற்றும்வரை அது குறையில்லாத வண்டி. விவசாயி ஊற்ற வேண்டுமென்றால் டீசலுக்கு மாற்றியே ஆக வேண்டும். கடைசிக் காலத்தில் ஜபல்பூர் தொழிற்சாலையே ஹினோ டீசல் இஞ்சின் வைத்து வெளியாருக்கு விற்றது. மேஸ்திரி உட்கார்த்தியிருப்பதும் அந்தக் குடும்பத்து நாலு சிலிண்டர்தான்.

உட்கார்த்துவது என்று சொல்லிவிட்டேன், அதில்தான் மாதக்கணக்கு உழைப்பு இருக்கிறது. இஞ்சின் ஒரு வம்சம், கியர்பாக்ஸ் இன்னொரு வம்சம். நடுவில் ஒரு கெட்டித் தகடு, அடாப்டர் பிளேட், வர வேண்டும். கடையில் கிடைக்காது. அளவெடுத்து லேத்தில் கடைய வேண்டும்.

லேத் வேலை பார்த்தவர் பட்டறைக்கு வந்திருந்தார். துவாக்குடியில், பெல் (பாரத் ஹெவி எலக்ட்ரிகல்ஸ்) ஆலைக்குப் பாய்லர் உதிரி செய்து கொடுக்கும் யூனிட் ஒன்றில் இருபது வருஷம் இருந்தவர். ஃப்ளைவீலில் காந்தம் வைத்து டயல் கேஜைப் பொருத்தி, முள் கியர்பாக்ஸ் உட்காரும் துளையின் விளிம்பைத் தொடும்படி செய்து, இஞ்சினைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்த விதத்தை விளக்கினார். முள் எவ்வளவு ஆடுகிறதோ அதில் பாதிதான் மையம் விலகிய தூரம். "மில்லிமீட்டர்ல பத்துல ஒரு பங்கு ஆட்டம்தான் நான் விடுவேன். அதுக்கு மேல போச்சுன்னா கியர்பாக்ஸ் பேரிங் சீக்கிரமே கத்தும்." தகட்டை நகர்த்தி நகர்த்தி மையம் சேர்ந்த பிறகே டவல் பின் அடித்திருக்கிறார்.

இந்தக் கை திருச்சிக்குச் சும்மா வந்ததல்ல. நாகப்பட்டினத்தில் இருந்த ரயில்வே பணிமனை 1928இல் பொன்மலைக்கு வந்தது. திருவெறும்பூரில் அறுபதுகளில் பெல் வந்தது. அங்கேயே 1975இல் வெல்டிங் ஆராய்ச்சி நிலையமும் அமைந்தது. திருவாரூர் ஆழித்தேருக்கு இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் கொடுத்தது இந்த ஊர் பெல்தான். மூன்று தலைமுறையாக ஆலைக்குள் பழகிய அளவு ஆலைக்கு வெளியே இப்படிச் சின்னப் பட்டறைகளில் வாழ்கிறது. ஜோங்காவை ஓட வைப்பதில் மெக்கானிக்குக்குப் பாதிப் பங்கு, இந்தக் கடைசல்காரருக்குப் பாதிப் பங்கு என்றே எனக்குப் படுகிறது. பட்டறைப் போர்டில் ஒருவர் பெயர்கூட இல்லாதது வருத்தம்.

பெட்ரோல் இஞ்சினை எடுத்துவிட்டு டீசல் வைக்கும்போது பலரும் மறப்பது பிரேக்கை. பெட்ரோல் இஞ்சின் மூச்சிழுக்கும்போது உண்டாகும் வேக்குவத்தில்தான் பிரேக் பூஸ்டர் வேலை செய்யும். டீசலில் அந்த வேக்குவம் கிடையாது. ஆல்டர்னேட்டரோடு சேர்ந்த பம்ப் ஒன்று தனியாக வேண்டும். எங்கள் வீட்டு ஜீப்புக்கு முன்பு இஞ்சின் மாற்றிய ஒரு பட்டறை இதை விட்டுவிட்டது. டோல்கேட் இறக்கத்தில் பெடல் கல்லாக இறுகி, அப்பா இரண்டு காலையும் வைத்து மிதித்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. அதனால் இங்கே முதலில் கேட்டதே அதைத்தான். மேஸ்திரி வாய் திறக்கவில்லை. ஆல்டர்னேட்டரின் பின்னாலிருந்து பூஸ்டருக்குப் போகும் கறுப்பு ஹோஸை விரலால் தொட்டுக் காட்டினார்.

நாலு சிலிண்டர் டீசல் உதறும், ஆறு சிலிண்டர் பெட்ரோல் அப்படி உதறாது. அதற்காக மவுண்டிங் ரப்பரை மாற்றி, சேஸிஸில் புதுப் பிராக்கெட் வைத்து வெல்டிங் செய்திருக்கிறார்கள். புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் நீளத்தைக் குறைத்து பேலன்ஸ் பார்த்தாகிவிட்டது.

ராணுவம் கழித்த வண்டியை வாங்கி ஓட்டும் ஆசை அமெரிக்காவிலும் உண்டு. 1983 முதல் ஜெனரல் மோட்டார்ஸ் தன் செவர்லே பிக்கப்பையே ராணுவத்துக்குச் செய்து கொடுத்தது. 6.2 லிட்டர் டீசல், இரண்டு பேட்டரி, இரண்டு ஆல்டர்னேட்டர். ஸ்டார்ட்டருக்கு 24 வோல்ட், க்ளோ பிளக்குக்கு 12 வோல்ட். 24ஐ ரெசிஸ்டர் வழியாகக் குறைத்துத்தான் பிளக்குக்கு அனுப்பினார்கள். ஏலத்தில் எடுத்தவர்கள் பலர் அந்த ரெசிஸ்டரை ஒதுக்கிவிட்டு நேராக ஒரே பேட்டரியிலிருந்து இணைத்துக்கொள்கிறார்கள். இதைச் சொன்னதும் மேஸ்திரி சற்று யோசித்தார். "சரியாத்தான் பண்ணியிருக்கான். நடுவுல ஒண்ணு குறைஞ்சா, கெட்டுப்போறதுக்கும் ஒண்ணு குறைஞ்சுது."

சட்டமும் பார்க்க வேண்டியிருக்கிறது. இஞ்சின் மாற்றினால் ஆர்.டி.ஓ. அனுமதி பெற்று ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். உற்பத்தியாளர் கொடுத்த அடிப்படை அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாதென்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. புதுப் பெயிண்ட் அடிக்கப் பம்பரைச் சுரண்டியபோது அடியில் மேல்நோக்கிய அம்பும் இரண்டு இலக்க ஆண்டும் தெரிந்தனவாம். அது ராணுவ நம்பரின் அடையாளம். வண்டிக்காரருக்குப் பழைய ஆலிவ் பச்சையே வேண்டும். மேஸ்திரி மறுத்துவிட்டார். மத்திய மோட்டார் வாகன விதி 121இன்படி அந்த நிறம் பாதுகாப்புத் துறைக்கு மட்டும். இப்போது வண்டி சாம்பல் நிறத்தில் இருக்கிறது.

பதினொரு மணிக்கு ஓட்டிப் பார்க்கக் கிளம்பினோம். சிந்தாமணி தாண்டிக் காவிரிப் பாலம். 1976இல் கட்டியது, இணைப்புகள் தேய்ந்து, 2022 கடைசியில் மூடிச் சரிசெய்து, 2023 மார்ச்சில் திறந்தார்கள். அந்த இணைப்புகளின் மேல் ஏறி இறங்கும்போது மேஸ்திரி பேச்சை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தார். லீஃப் ஸ்பிரிங் பட்டை சத்தம் போடவில்லை. மாம்பழச்சாலை, திருவானைக்காவல் வழியாகக் கொள்ளிடம். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் இடிந்த பழைய இரும்புப் பாலம் நின்ற பக்கத்தை வண்டிக்காரர் கைகாட்டினார். அந்த வெள்ளத்தில் இவர் தோட்டத்துக் கன்றுகளும் போயின.

படுகையில் மணல் தொடங்கும் இடத்தில் வண்டியை நிறுத்தி, பையன் இறங்கி முன்சக்கர ஹப் இரண்டையும் லாக் செய்தான். லீவர் போட்டதும் அடியில் ஒரு கனத்த 'கடக்'. சக்கரம் ஒரு சாண் புதைந்தது, பிறகு மெல்ல மேலே வந்தது. கரையேறி நின்றதும் மேஸ்திரி வண்டிக்கு அடியில் படுத்து, யூ போல்ட்டுகளையும் ஷாஃப்ட் கிராஸையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார்.

எழுந்து சட்டையில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டு, சாக்பீஸை எடுத்து டேஷ்போர்டில் எழுதினார்: 500 கி.மீ. யூ போல்ட் டைட்.

"அண்ணே, தார் ஏத்துறதுக்கு முன்னாடி ஒருவாட்டி கொண்டாந்துருங்க. மறந்துறாதீங்க."