மணியின் ஐந்தாம் விரல்

ஆறு வாரக் குட்டியாக மணி எங்கள் வீட்டுக்கு வந்த அன்றே, அதன் முன்னங்கால்களின் உட்புறம், பாதத்திற்குச் சற்று மேலே, தரையில் படாமல் நிற்கும் நகத்தைச் சித்தப்பா கவனித்துவிட்டார். "இதை எடுத்துவிடுங்கள், அண்ணா. எங்காவது மாட்டிக் கிழியும்" என்றார். அப்பாவோ, "வளர்க்கப் போகிறவள் அவள்தானே, அவளே சொல்லட்டும்" என்று என்னைக் கைகாட்டினார்.

எனக்குப் பயமாகத்தான் இருந்தது. முன்பு எங்களிடமிருந்த கறுப்பனுக்கு அந்த நகம் தேயாமல் வட்டமாக வளைந்து சதைக்குள் இறங்கிவிட்டது. அது நொண்டிய பிறகே பார்த்தோம். நகம் பார்ப்பது என் வேலை. விடுமுறைக் கும்மாளத்தில் மறந்திருந்தேன்.

கால்நடை மருத்துவர் மணியின் காலைத் தடவிப் பார்த்தார். "பின்னங்காலில் வெறும் தோலில் தொங்கும் நகமென்றால் வேறு விஷயம். இது எலும்போடு சேர்ந்த விரல், நம் கட்டைவிரல் மாதிரி. எடுப்பவர்கள் பிறந்த சில நாட்களிலேயே எடுத்துவிடுவார்கள். இனிமேல் என்றால் மயக்க மருந்து கொடுத்து அறுவை செய்ய வேண்டும்" என்றார்.

வீடு திரும்பியதும் மணி ஒரு தேங்காய்ச் சிரட்டையை அந்த விரல்களால் அணைத்துக்கொண்டு கடிக்கத் தொடங்கியது. "வேண்டாம், அப்பா" என்றேன்.

இப்போது சனிக்கிழமைதோறும் நகம் வெட்டுகிறேன். மணிக்குக் கறுப்பு நகம். உள்ளே இரத்தம் ஓடும் இடம் தெரியாது. ஆகவே நுனியை மட்டும், கொஞ்சங் கொஞ்சமாக. மணி காலை இழுக்கிறது. சித்தப்பா சிரிக்கிறார்.