டிரெய்லர் பலகை ஏன் இற்றுப்போகிறது?

ஓசூர் என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது தொழிற்சாலைகள்தான். சிப்காட், டி.வி.எஸ்., அசோக் லேலண்ட் என்று பெயர்களை அடுக்கிக்கொண்டே போகலாம். ஆனால் அதே சாலைகளில், பெங்களூர் போகும் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே, தக்காளி, முட்டைக்கோஸ், கொத்தமல்லிக் கட்டு, சாணி எரு என்று எதையாவது ஏற்றிக்கொண்டு டிராக்டர் டிரெய்லர்களும் ஓடிக்கொண்டிருக்கின்றன. புதிதாக வருபவற்றில் தளம் பெரும்பாலும் இரும்புத் தகடு. பழையவற்றில் இன்னும் மரப்பலகைதான்.

சூளகிரிப் பக்கம் ஒரு விவசாயியிடம் அப்படி ஒரு பழைய டிரெய்லர் இருந்தது. ஒரு நாள் அதிகாலை, ராயக்கோட்டை மார்க்கெட்டுக்குத் தக்காளி கிரேட் ஏற்றிக்கொண்டிருந்தபோது, மேலே நின்று அடுக்கிய பெண்ணின் கால் முழங்கால் வரை தளத்துக்குள் இறங்கிவிட்டது. தகரத்தின் விளிம்பு கெண்டைக்காலைக் கிழித்தது. ஐந்து தையல். பதினைந்து நாள் வேலைக்கு வர முடியவில்லை. தினக்கூலிக்குப் போகிறவருக்குப் பதினைந்து நாள் என்பது சின்ன விஷயமல்ல. வண்டிக்காரர் மருத்துவச் செலவைக் கொடுத்தார், பாதிக் கூலியும் கொடுத்தார். ஆனாலும் அவருக்கு மனசு ஆறவில்லை. ஏனென்றால் பலகையைப் பாதுகாக்கத்தான் இரண்டு வருடத்துக்கு முன்பு அதன் மேல் தகரம் அடித்திருந்தார்.

பழுது பார்க்க வந்த ஆசாரி தகரத்தைப் பெயர்த்ததும் ஒரு திருப்புளியை எடுத்துப் பலகையில் குத்தினார். வெண்ணெயில் இறங்குவது போல் இறங்கியது.

“தகரம் மழையைத் தடுக்கும்னு நினைச்சீங்க அண்ணா. அது ஈரத்தை வெளியே விடாம பூட்டி வெச்சிடுச்சு” என்றார்.

விஷயம் முழுவதும் அந்த ஒரு பேச்சில் இருக்கிறது. மரத்தை இற்றுப்போக வைப்பது தண்ணீர் அல்ல, பூஞ்சை. பூஞ்சை வளர நான்கு வேண்டும்: தின்ன மரம், காற்று, மிதமான வெப்பம், ஈரம். முதல் மூன்றையும் யாராலும் தடுக்க முடியாது. ஓசூரின் குளுகுளு வானிலை மனிதருக்குப் பிடிப்பது போலவே பூஞ்சைக்கும் பிடிக்கும். கையில் இருப்பது ஈரம் ஒன்றுதான். மரத்தின் ஈரம் அதன் உலர் எடையில் சுமார் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பூஞ்சை வளராது. மழையில் நனைந்த பலகை இரண்டு நாள் வெயிலிலும் காற்றிலும் காய்ந்துவிட்டால் பெரிய கேடு இல்லை. நனைந்தது காயாமல் வாரக்கணக்கில் கிடப்பதுதான் கேடு. அந்த வண்டியில் ஆணித் துளை வழியாக இறங்கிய மழைத் தண்ணீரும் நசுங்கிய தக்காளிச் சாறும் தகரத்துக்கும் பலகைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டன. மேலே வெயில் அடித்தால் என்ன, உள்ளே நிரந்தர மழைக்காலம்.

தகரத்தைப் போலவே ஏமாற்றும் இன்னொன்று கழிவு ஆயில். டிராக்டரில் வடித்த எஞ்சின் ஆயிலைப் பலகைக்குப் பூசுவது பல ஊர்களில் பழக்கம். கறுப்பாகப் பளபளக்கும், தண்ணீர் கொஞ்ச நாள் ஒட்டாது. ஆனால் அது பூஞ்சையைக் கொல்லும் மருந்து அல்ல. தளம் வழுக்கும். புற்றுநோய் தரக்கூடிய பொருட்களும் அதில் உண்டு. அதே தளத்தில்தான் மறுநாள் காய்கறி ஏறுகிறது.

ஆசாரி பலகைகளைக் கழற்றிய இடத்தில் இன்னொன்றும் தெரிந்தது. பலகைகளின் நடுப்பகுதி ஓரளவு கெட்டியாகவே இருந்தது. குறுக்குச் சேனல் மேல் உட்காரும் இடமும், போல்ட் துளையைச் சுற்றிய இடமும், முனைகளும்தான் மக்கியிருந்தன. மரம் உயிரோடு இருந்தபோது தண்ணீர் ஏறிய குழாய்கள் வெட்டுமுனையில் திறந்து கிடக்கின்றன. அதனால் பக்கவாட்டைவிட முனை பல மடங்கு வேகமாகத் தண்ணீரைக் குடிக்கும். சேனல் மேல் மண்ணும் எருவும் சேர்ந்து ஈரப் பஞ்சு மாதிரி ஒட்டிக்கொள்ளும். பெயின்ட் அடிக்கிறவர்கள் கண்ணுக்குத் தெரியும் மேற்பரப்புக்கு இரண்டு கோட் அடித்துவிட்டு இந்த மூன்று இடங்களையும் விட்டுவிடுகிறார்கள். கல்யாண வீட்டில் முன்வாசலுக்கு மட்டும் சுண்ணாம்பு அடிப்பது போல!

அடுத்த கேள்வி, என்ன மரம் போடுவது? வண்டிக்காரருக்கு முதலில் தோன்றியது பேக்கிங் மரம். தொழிற்சாலைகளுக்கு இயந்திரம் வரும் பெட்டிகளைப் பிரித்த பைன் பலகை பழைய சாமான் கடைகளில் மலிவாகக் கிடைக்கும். சிலவற்றில் கோதுமைக் கதிர் படமும் ‘எச்.டி.’ என்ற முத்திரையும் இருக்கும். “இது டிரீட்மென்ட் பண்ண மரம்” என்று கடைக்காரர் சொன்னார். சொன்னது பொய்யில்லை, அரை உண்மை. அந்த முத்திரை 2002-ல் வந்த சர்வதேச விதியின்படி போடுவது. மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி செல்சியஸ் சூட்டில் 30 நிமிடம் வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். ஒரு நாட்டுப் பூச்சி இன்னொரு நாட்டுக்குப் போகாமல் இருப்பதற்கான ஏற்பாடு. உள்ளே இருந்த புழு செத்துவிடும், சரி. நாளைக்கு மழையில் நனைந்தால் பூஞ்சை வராமல் இருக்க அதில் ஒரு துளி மருந்தும் கிடையாது.

உண்மையான மருந்தின் கதையில் ஒரு இந்தியர் இருக்கிறார். டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தில் பணியாற்றிய சொந்தி காமேசம், 1933-ல் தாமிரம், குரோமியம், ஆர்சனிக் மூன்றும் சேர்ந்த மரப் பாதுகாப்பு மருந்தைக் கண்டுபிடித்தார். தாமிரம் பூஞ்சையைத் தடுக்கும், ஆர்சனிக் கரையானைத் தடுக்கும், குரோமியம் இரண்டையும் மழையில் கரைந்து ஓடாமல் மரத்தோடு பிணைத்துவிடும். உலகம் முழுவதும் மின்கம்பங்களும் வேலிக் கம்பங்களும் பல பத்தாண்டுகள் நின்றது இந்த மருந்தின் தயவில்தான். நம் பாடப்புத்தகங்களில் அவர் பெயரைத் தேடினால் கிடைப்பது கஷ்டம்! பிறகு ஆர்சனிக் பற்றிய பயத்தால் அமெரிக்காவில் வீடு சார்ந்த பெரும்பாலான உபயோகங்களுக்கு இந்த மருந்தேற்றுவது 2003-ன் இறுதியோடு நிறுத்தப்பட்டது. காய்கறி ஏற்றும் தளத்துக்கும் அது வேண்டாம். இப்படி மருந்தேற்றிய பழைய மரம் எங்காவது கிடைத்தால் அடுப்பில் எரிக்கவும் கூடாது. புகையிலும் சாம்பலிலும் ஆர்சனிக் இருக்கும்.

மருந்து இல்லாவிட்டால் மரமே வலுவாக இருக்க வேண்டும். ‘வைரம் பாய்ந்த கட்டை’ என்று சும்மா சொல்லி வைக்கவில்லை. மரத்தின் நடுவில் கருத்துப்போன வைரப் பகுதியில் பூஞ்சைக்கு ஒத்துக்கொள்ளாத பொருட்களை மரமே சேர்த்து வைத்திருக்கிறது. ஓரத்து வெளுப்பில் அது இல்லை. தேக்கே ஆனாலும் வெளுப்பு சீக்கிரம் போய்விடும். மர டிப்போவில் ஆசாரி வேங்கைப் பலகை எடுத்தார். மஞ்சள் கலந்த பழுப்பு வைரம் மட்டும் உள்ளதாகப் பொறுக்கி, வெளிர் ஓரம் இருந்ததை ஒதுக்கிவிட்டார். டிப்போக்காரருக்கு முகம் சுருங்கியது. வண்டிக்காரருக்கும்தான், பணம் எண்ணும்போது.

மாட்டும் வேலைக்கு இரண்டு நாள் பிடித்தது. துருப்பிடித்த போல்ட்டுகளை கிரைண்டரால் அறுத்து, சேனல்களைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, ரெட் ஆக்சைடு அடித்துக் காயவிட்டார்கள். பலகைகளை அளந்து அறுத்து, துளையும் போட்ட பிறகுதான் பூச்சு. இந்த வரிசை முக்கியம். பூசிவிட்டு அறுத்தால், துளையிட்டால், புது வெட்டு பச்சையாக நிற்கும். தாமிரம் கலந்த மரப் பாதுகாப்பு மருந்தை முனைகளில் அது குடிப்பதை நிறுத்தும் வரை திரும்பத் திரும்பப் பூசினார், துளைகளுக்குள்ளும் ஊற்றினார். தாமிர மருந்து சாதாரண இரும்பை அரிக்கும் என்பதால் போல்ட் எல்லாம் நாகம் பூசியது. மருந்து நன்றாகக் காய்ந்த பின் மேலே இரண்டு கோட் பெயின்ட் அடித்தார். பலகைக்கும் பலகைக்கும் நடுவே ஐந்து மில்லிமீட்டர் சந்து விட்டபோதுதான் வண்டிக்காரர் தடுத்தார்.

“சந்து விட்டா எரு கொட்டுமே!”

“எரு ஏத்துற அன்னிக்கு ஒரு தார்ப்பாய் விரிச்சுக்கோங்க அண்ணா. இறக்கினதும் எடுத்துடுங்க. தகரம் மாதிரி அதையும் நிரந்தரமா போட்டுடாதீங்க.”

இப்போது அந்த வண்டியை நிறுத்தும்போது முன்பக்கம் ஒரு கல் உயரம் தூக்கி வைக்கிறார்கள், தண்ணீர் பின்னால் வழிந்துவிடும். லோடு இறக்கியதும் சந்துகளில் தென்னந்துடைப்பம் ஓடுகிறது. மழைக்காலம் முடிந்ததும் முனைகளில் திருப்புளிக் குத்து. தையல் போட்ட அந்தப் பெண் வேலைக்குத் திரும்பி வந்த அன்று, உடனே ஏறவில்லை. கீழே நின்று தளத்தை உள்ளங்கையால் நான்கு இடத்தில் ஓங்கித் தட்டிப் பார்த்தார். பிறகு முதல் கிரேட்டைத் தூக்கி வைத்துவிட்டு ஏறினார்.